ஒரு நாள் நிரந்தரம்

ஜூலை 3, வியாழன்

தயவுபுரம் வந்து சேர்ந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, வேதாகமம், பிரஷர் மாத்திரை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆனவனைத் தேடிப் பிடித்து, "ஆறே வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் தேவஇரக்கம் ஐயா" என்று, எங்கள் சபைகளை நிர்வகிக்கும் திருமண்டல அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திருமண்டலத் தேர்தல் வழக்கு முடியும்வரை குருமார் மாற்றல் கிடையாதாம். அதுவரை நான் இந்தச் சபைக்குப் பொறுப்பு ஐயர். குருவானவரை ஐயர் என்று கூப்பிடும் எங்கள் பக்கத்தில் பொறுப்பு ஐயர் என்றால் வாடகை சைக்கிள் மாதிரி. யாரும் எண்ணெய் போடமாட்டார்கள்.

கோயில்பிள்ளை மாசிலாமணி வீட்டைத் திறந்துவிட்டார். மணி அடிப்பது, கோயிலைக் கூட்டுவது, ஐயரைக் கவனிப்பது எல்லாம் அவர்தான். எனக்கு முன்னறை. படுக்கையறை பூட்டியிருந்தது. நல்ல கட்டிலும், முன்னறையிலிருந்து கழற்றிய மின்விசிறியும் அதற்குள் இருக்கின்றன. "நெரந்தர ஐயா வந்ததும் மாட்டிருவோம்" என்றார் வியர்வையைத் துடைத்தபடி. விசிறி இல்லாமல் அவருக்கும்தான் வியர்த்தது.

ஜூலை 6, ஞாயிறு

முதல் ஆராதனை. பிரசங்கம் இருபத்திரண்டு நிமிஷம். தூங்கியவர்கள் ஒன்பது பேர், சராசரிக்குக் குறைவு.

பிறகு சபைச் செயலாளர் ஞானசிகாமணி வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஊரே அவரை எச்.எம். சார் என்கிறது. கையில் தீர்மானப் புத்தகம். ஏழு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு பொறுப்பு ஐயர் இருந்தாராம். அவர் ஜெபித்துத் திறந்த ஆழ்குழாய்க் கிணறு இரண்டே மாதத்தில் வற்றியது. அவர் பிரதிஷ்டை செய்த வீட்டில் சுவர் வெடித்தது. அவர் நடத்திவைத்த ஒரே கல்யாணம் சாரின் மூத்த மகள் ஜெமிலாவுடையது. பதினோராவது மாதம் அந்தப் பெண் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஆகவே சபை கூடி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது: நிலைத்து நிற்கவேண்டிய காரியம் எதையும் பொறுப்பு ஐயர் செய்யக்கூடாது.

பிரசங்கம் செய்யலாமா என்று கேட்டேன். அது யார் மனதிலும் நிற்பதில்லை, செய்யலாம் என்றார். திருவிருந்து? சாப்பிட்டால் முடிந்தது, நடத்தலாம். அடக்க ஆராதனையைத் தாராளமாக நடத்தலாம், "போனவன் திரும்பி வரப்போறதில்லல்லா." ஞானஸ்நானம் மட்டும் கொஞ்சம் சிக்கல். பிள்ளையைக் காக்கவைக்க முடியாது. அதனால் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் பென்சிலால் எழுதவேண்டும். நிரந்தர ஐயர் வந்து மேலே மை போடுவார்.

முப்பத்தாறு வருஷ ஊழியத்தில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஆனால் எச்.எம். சார் அதை ஏழாம் வாய்ப்பாடு போலச் சொன்னார், நானும் தலையாட்டிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

வீடு சந்திப்பு. எச்.எம். சாரின் மனைவி சொர்ணபாய் அம்மாள் ஐந்து மாதமாகப் படுக்கையில். வயிற்றில் கட்டி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மனுஷிக்கு வாய் மட்டும் குறையவில்லை. "ஐயா வீட்டுச் சமையல் யாரு? மாசிலாமணியா? அப்பொ ஆண்டவர்தான் ஒங்கள காப்பாத்தணும்" என்றார்கள்.

சங்கீதம் வாசித்தேன். தலையில் கை வைத்து ஜெபிக்கவேண்டிய இடம் வந்தது. எச்.எம். சார் தயங்கி, சுகம் கேட்டு ஜெபிப்பதும் நிலைத்து நிற்கவேண்டிய காரியம்தான், அதை நிரந்தர ஐயர் வந்து செய்வதே முறை என்றார்.

சபையின் எல்லா விதிகளும் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கின்றன. இந்த ஒன்றை மட்டும் நான் மறுத்துப் பேசவில்லை. தொண்டை வேறு கட்டியிருந்தது.

ஜூலை 12, சனி

மழை. சபை அறையில் முன்னாள் ஐயர்மார் பெயர்ப் பலகையில் பத்தொன்பது பேர் பெயிண்டில் இருக்கிறார்கள். இருபதாவதாக நான், சாக்கட்டியில். ஒழுகி அழிந்துவிட்டேன். மாசிலாமணி மறுபடி எழுதினார்.

ஜூலை 13, ஞாயிறு

எச்.எம். சாரின் இளைய மகள் பெனிட்டாவுக்கும் பக்கத்து ஊர் ரூபனுக்கும் முதல் ஓலை வாசித்தேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கேட்கவேண்டும். பொறுப்பு ஐயர் ஓலை வாசிக்கலாமா என்று சபைக் கமிட்டி ஒன்றரை மணி நேரம் பேசியது. வாசிப்பு வேறு, கல்யாணம் வேறு என்று தீர்ந்தது.

ஆடி மாதம் வருகிறதே, நாள் பார்ப்பீர்களா என்று சாரிடம் கேட்டுவைத்தேன். அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. நாள், நட்சத்திரம் எல்லாம் மூடநம்பிக்கை, தாங்கள் நாலு தலைமுறைக் கிறிஸ்தவர்கள், வேதக்காரர்கள் என்றார். நிரந்தர ஐயர் வந்த மறுநாளே கல்யாணம், அது ஆடியானாலும் சரி, அமாவாசையானாலும் சரி.

ஜூலை 16, புதன்

ஒரு ஞானஸ்நானம். பிள்ளை வீறிட்டது. பென்சிலால் எழுதினேன்.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஆராதனை முடிந்ததும் பெனிட்டா என்னைப் பார்க்க வந்தாள். முப்பது வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுற்றி வளைக்காமல் பேசுகிற பெண். அம்மாவுக்கு நாலைந்து வாரம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். தன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் அம்மாவுக்கு இருக்கும் ஒரே ஆசை. அப்பாவோ நிரந்தர ஐயர் வராமல் முடியாது என்கிறார்.

"நீங்க நடத்துனா எனக்கு ஒண்ணும் இல்ல ஐயா. ஆனா அப்பா கோயிலுக்கே வரமாட்டாங்க. அப்பா இல்லாத கல்யாணத்த அம்மா எப்படிப் பாப்பாங்க?" என்றாள்.

திருமண்டல அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வழக்கு செப்டம்பருக்குத் தள்ளிப்போயிருக்கிறது. செப்டம்பர் என்றால் டிசம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் கிளார்க், ரொம்ப அன்பாக.

ஓசூரிலிருந்து மகன் போன். ஆறு வாரம் முடிந்ததும் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான். அம்மா இல்லாமல் தனியாக என்ன செய்கிறீர்கள் என்றான். சபையில் நிறைய வேலை இருக்கிறது என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை யாரும் சொல்லவில்லை. தடை நான்தான்.

சொர்ணபாய் அம்மாளைப் பார்த்தேன். போன வாரம் கஞ்சி குடித்தவர்கள் இன்று தண்ணீரை ஸ்பூனில் வாங்கினார்கள். எச்.எம். சார் வாசலோடு நின்றுகொண்டார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மனைவியின் துணியைக்கூட அவரே துவைத்துக் காயப்போடுகிறார். ஆனால் மூத்தவள் பெட்டியோடு வந்து இறங்கிய அந்த நாள் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. இளையவளுக்கும் அப்படி ஆகிவிட்டால் என்று பயந்து சாகிறார்.

கை வைத்து ஜெபிக்க விதி இடம் தரவில்லை. சங்கீதம் வாசித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

கமிட்டி கூடியது. இரண்டு மணி நேரம் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு மாசிலாமணி, தான் பேசலாமா என்று கேட்டார். இருக்கிற ஐயரையே ஒரு நாளைக்கு நிரந்தரம் ஆக்கிவிட்டால் என்ன?

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. எச்.எம். சார் பேனாவைத் திறந்து அங்கேயே மனு எழுதினார். "மேற்படி குருவானவரை ஒரு நாள் மட்டும் நிரந்தரமாக நியமித்து உதவும்படி" என்று அழகான கையெழுத்தில் முடித்தார்.

ஆகஸ்ட் 2, சனி

உத்தரவு வந்துவிட்டது. முத்திரை, கையொப்பம், கடித எண் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆகஸ்ட் 7 வியாழன் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை நான் தயவுபுரம் சபையின் நிரந்தர குரு. வழக்கில் தடைபட்டிருப்பது மாற்றல்தான். இருக்கிற ஆளை இருக்கிற இடத்திலேயே நியமிப்பது மாற்றல் ஆகாது என்று கிளார்க் போனில் விளக்கினார். இது முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார்.

கல்யாணம் ஏழாம் தேதி. சொர்ணபாய் அம்மாளிடம் சொன்னபோது, "அப்பொ நான் அஞ்சு நாளைக்குச் சாவக்கூடாது" என்றார்கள், ரேஷன் கடைக்கு நாள் குறிப்பதுபோல.

ஆகஸ்ட் 6, புதன்

பொறுப்பு ஒப்படைப்பு. பொறுப்பு ஐயராகிய நான் நிரந்தர ஐயராகிய என்னிடம் கோயில் சாமான்களை ஒப்படைக்கவேண்டும். ஒப்படைப்பவர் மேஜைக்கு இந்தப் பக்கம், பெறுபவர் அந்தப் பக்கம் என்று எச்.எம். சார் சொல்லிவிட்டதால், ஒவ்வொரு பக்கத்துக்கும் கையெழுத்துப் போட எழுந்து எழுந்து போனேன். பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு பட்டியலில் நாலு, கையில் மூன்று. ஒப்படைப்பவர் பெறுபவருக்கு எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டுமாம். தந்தேன். விளக்கம் திருப்தியாக இல்லை என்று எழுதலாமா என்று யோசித்து, வயதானவன், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று நான் நிரந்தரம்.

ஐந்தே முக்காலுக்கே மின்விசிறியை மாட்டிவிட்டார்கள். ஆறு மணிக்கு மணி அடித்து, மேளத்தோடு அழைத்துப்போய், வீட்டைச் சுற்றி என்னை என் வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். மாலை, சால்வை, வரவேற்புரை. நேற்றுவரை "ஐயா, கொஞ்சம் நவுந்துக்கிடுங்க" என்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசினார்கள். படுக்கையறை திறக்கப்பட்டது. நல்ல கட்டில்தான். படுக்க நேரமில்லை.

பத்து மணிக்குக் கல்யாணம். சொர்ணபாய் அம்மாளைச் சாய்வு நாற்காலியோடு நாலு பேர் தூக்கிவந்து பீடத்தருகே வைத்தார்கள். பட்டுப்புடவைக்குள் ஆளே தெரியவில்லை. தாலி ஏறியபோது அழுவார்கள் என்று பார்த்தேன். மாப்பிள்ளையின் கையைத்தான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முடிச்சு சரியாக விழுகிறதா என்று. எச்.எம். சார்தான் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. எத்தனையோ கல்யாணம் நடத்தியிருக்கிறேன், ஒரு கல்யாணம் முடிந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அப்புறம் ஊர் என்னை எடுத்துக்கொண்டது. மாதக்கணக்காக அல்ல, நோவா காலத்திலிருந்து காத்திருந்தவர்கள்போல வரிசையில் நின்றார்கள். எனக்கு முன் வந்துபோன பொறுப்பு ஐயர்மாருடையதையும் சேர்த்துப் பதினான்கு பென்சில் ஞானஸ்நானங்களுக்கு மை போட்டேன். மூன்று வீடு, ஒரு டிராக்டர், ஒரு மாவு மில்லுக்கு ஜெபித்தேன். ஒருவர் தன் மகனின் பிளஸ் டூ மார்க் பட்டியலைக் கொண்டுவந்தார், மார்க் ஏற்கனவே வந்துவிட்டது என்று சொல்லியும் கேட்கவில்லை. ஆழ்குழாய்க் கிணறு நாலு. சைக்கிளில் மாசிலாமணி முன்னால் போக, டிராக்டரில் நான் பின்னால் போனேன்.

ஐந்து மணிக்குச் சொர்ணபாய் அம்மாளுக்காக ஜெபிக்க எச்.எம். சார் நேரம் குறித்திருந்தார். ஆனால் மூன்றாவது கிணற்றில் நேரமாகிவிட்டது. நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தை முழுவதும் வாசித்தேன். நூற்றெழுபத்தாறு வசனம். கிணற்றுக்காரர் நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார். நாலாவது கிணற்றிலிருந்து வரும்போது ஐந்தே முக்கால், பிரிவுபசார விழாவுக்கு ஆள் கூடிவிட்டது.

என் ஊழியக் காலத்தில் சபை அடைந்த வளர்ச்சியைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். ஒரு அம்மாள் தேம்பினார்கள். இன்னொரு சால்வை. சரியாக ஆறு மணிக்கு விசிறியைக் கழற்றினார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் எச்.எம். சார் திருமணப் பதிவேட்டோடு ஓடிவந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. மணமக்களும் சாட்சிகளும் அவரவர் பேனாவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். குருவானவரின் பகுதி மட்டும் பென்சிலில் இருந்தது. பொறுப்பு ஐயர் என்றால் பென்சில் என்று பழகிப்போன மாசிலாமணி பீடத்தில் பென்சிலை வைத்திருக்கிறார். பழகிப்போன நானும் எடுத்து எழுதியிருக்கிறேன்.

இப்போதே மை போடுகிறேன் என்றேன். சார் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். நேற்று ஆறு மணியோடு நான் பொறுப்பு ஆகிவிட்டேனே. நிரந்தர ஐயர் பென்சிலில் எழுதியது நிற்குமா, அதன்மேல் பொறுப்பு ஐயர் மை போட்டால் கெடுமா என்று தெரியவில்லை. இன்னொரு நாள் கேட்டு மனு எழுதப்போவதாகச் சொன்னார். அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது.

அதற்குள் சொர்ணபாய் அம்மாள் எங்கள் இருவரையும் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்கள். நேற்றைய அலைச்சலில் இன்னும் வாடியிருந்தார்கள். பேசும்போது நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"மூத்தவ வாழ்க்க முறிஞ்சது எந்த ஐயராலயும் இல்ல" என்றார்கள் கணவரிடம். "மாப்பிள்ள குடிகாரன்னு எங்கண்ணன் வந்து சொன்னான். பத்திரிகை அடிச்சாச்சேன்னு நீங்களும் கேக்கல, நானும் கேக்கல. ஏழு வருசமா அந்தப் பாவத்த ஒரு நல்ல மனுசன் தலையில வச்சிட்டு நிக்கோம். நான் இத வச்சுக்கிட்டுப் போக முடியாது. பேனாவ ஐயாகிட்டக் குடுங்க."

எச்.எம். சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றித் தந்தார். கட்டில் ஓரத்தில் பதிவேட்டை வைத்து பென்சில் எழுத்தின்மேல் எழுதினேன். அவர் தாளைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் மை காய ஊதினார். ஊதிக்கொண்டே அழுதார். பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஜெமிலாவைத் தேடி அடுக்களைக்குப் போனார்.

நானும் எழுந்தேன்.

"நேத்து அஞ்சு மணிக்கு வருவீங்கன்னு பாத்தேன்" என்றார்கள்.

தொண்டை சரியில்லை என்றேன்.

"நூத்திப் பத்தொம்பதாம் சங்கீதத்துக்கு நல்லாத்தான் இருந்துதாம்."

உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாததை இந்த அம்மாளிடம் சொன்னேன். என் மனைவி கமலாவுக்கும் கட்டிதான். ஏழு மாதம் தினமும் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். சபை முழுவதும் ஆமென் சொன்னது. எட்டாவது மாதம் அதே கையால் அவள்மேல் மண் போட்டேன். அதற்குப் பிறகு எந்த நோயாளி தலையிலும் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஜெபித்தால் நடக்காது என்று பயமில்லை அம்மா, கேட்கவே கோபமாக இருக்கிறது என்றேன். முப்பத்தாறு வருஷம் ஆண்டவருக்கு உழைத்தவன் அவரிடம் கேட்ட ஒரே காரியம் அது.

அவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"நெரந்தரமாக் கேட்டிருப்பீங்க" என்றார்கள்.

"ஆமாம்மா."

"எனக்கு அவ்வளவு வேண்டாம் ஐயா. ஞாயித்துக்கெழம புள்ளயும் மருமகனும் மறுவீட்டுக்கு வாராங்க. எந்திரிச்சு உக்காந்து, அவ கையால ஒரு வாய் சோறு திங்கணும். அது வரைக்கும் ஒரு தற்காலிக சொகம் போதும். அது ஒங்க அதிகாரத்துக்குள்ளதான வருது?"

கை வைத்தேன். முடி எல்லாம் கொட்டி, தலை சுடுநீர்ப் பாத்திரம்போல இருந்தது. முதல் வார்த்தை வரவில்லை. அவர்களே "பிதாவே" என்று ஆரம்பித்துக் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஞாயிறு என்ற வார்த்தையை மட்டும் பல தடவை சொன்னேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மறுவீட்டு விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சொர்ணபாய் அம்மாள் தலையணை மூன்றை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பெனிட்டா ரசஞ்சோறு பிசைந்து மூன்று வாய் ஊட்டினாள். நாலாவதை வேண்டாம் என்று மாப்பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பிறகு கோழிக் குழம்பில் உப்புக் குறைவு என்று வாசனையிலேயே கண்டுபிடித்து ஜெமிலாவை ஏசினார்கள். எச்.எம். சார் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கேட்டதற்கு மேல் ஒரு வாய் கூடக் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு வாய் கூடத்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் எச்.எம். சார் வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். சொர்ணபாய் அம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. வியாழக்கிழமை வரை ஒரு நீட்டிப்பு கேட்கவேண்டும். ஐயாவுக்குத் தொண்டை எப்படி இருக்கிறது?

பத்து மணிக்கு வந்தால் போதும் என்றார். ஒன்பதுக்கே கிளம்பிவிட்டேன்.